திருப்பிக் கேட்காத போர்வை

(குழந்தைகளுக்குப் போர்வை பின்னித் தர முன்வந்திருக்கும் தன்னார்வலர்களிடையே, பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோலாலம்பூரில் போர்வை எதற்கு? இந்தக் கூட்டத்துக்கு அழைக்கப் போன வீடுகளில் பலர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். இங்கே நள்ளிரவில்கூட வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றாடியை முழு வேகத்தில் சுழலவிட்டுத் தூங்குகிற ஊர் இது. கேமரன் மலையில் இருக்கிறவர்களுக்குக் கம்பளி கொடுத்தால் அர்த்தம் உண்டு, பிரிக்பீல்ட்ஸில் யாருக்கு வேண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுகிற நேரத்துக்கு அரிசி, பால்மாவு, பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றும் சிலர் சொன்னார்கள். அவற்றையும் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் போர்வைக்கு வேறொரு வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

வெயிலுக்குப் பேர்போன சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே சுபஸ்ரீ நடராஜன் என்ற பெண்மணி, குரோஷே என்ற ஊசிப் பின்னல் தெரிந்த பெண்களை இணையத்தின் வழியாக ஒன்றுசேர்த்தார். ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்று குழுவுக்குப் பெயர். இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் தத்தம் வீட்டிலேயே சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரி 31ஆம் நாள் அவற்றையெல்லாம் சென்னையில் ஒன்றாக இணைத்து விரித்தபோது பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர் வந்தது. ஒன்றரைக் காற்பந்துத் திடல் அளவு. உலகத்திலேயே மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் பதிவு செய்தது. சென்னையை 2015 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்து அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சாதனை பதிவானதும் அந்தப் பெரும் போர்வையைப் பிரித்துச் சிறு போர்வைகளாக்கித் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது இணைத்ததுதான். எனக்குப் பிரித்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஒன்றரைத் திடல் அளவுப் போர்வையை யாரும் போர்த்திக்கொள்ள முடியாது, அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கவும் முடியாது. பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் கிடைத்தார்.

ஒரு குழந்தைக்குச் சொந்தமாக ஒரு துணி இருப்பதில் அப்படி என்ன இருக்கிறது? இதை மிகத் தெளிவாகக் காட்டிய படம் ஒன்று உண்டு. 1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் எடுத்தது. டாவிஸ்டாக் நிலையத்தில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரோடு வேலை செய்தவர் அவர். அந்தக் காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில், சிகிச்சைக்கு வந்த குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் குறிப்பிட்ட ஒரு மணி நேரம். அம்மாவைப் பார்த்தால் அழுகிறது, பார்க்காவிட்டால் சமர்த்தாக இருக்கிறது, ஆகவே பார்க்காமல் இருப்பதே நல்லது என்று மருத்துவர்களும் தாதியரும் உண்மையாகவே நம்பினார்கள். அந்தச் சமர்த்து என்ன என்று காட்டுவதற்காக ராபர்ட்சன் ஒரு கேமராவோடு வார்டுக்குள் போனார்.

தொப்புள் பக்கத்தில் குடலிறக்கத்துக்கான சிறிய அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் குழந்தை. வயது இரண்டு வருடம் ஐந்து மாதம். எட்டு நாள் தங்கினாள். அவள் கூச்சல் போட்டு அழுகிற பிள்ளையாக இருந்திருந்தால் படம் இவ்வளவு பேரை உலுக்கியிருக்காது. அவள் அழுகையை அடக்குகிறாள். முகம் கோணுகிறது, உடனே சரிசெய்துகொள்கிறாள். விளையாடிக்கொண்டே இருக்கும்போது, யாரும் எதுவும் கேட்காதபோதே, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்கிறாள். கையில் ஒரு கரடி பொம்மை. இன்னொன்று ஒரு துண்டுப் போர்வை. அதைத் தன்னுடைய பாப்பா என்று வைத்திருக்கிறாள். தாதியர் மாறுகிறார்கள், ஊசி வருகிறது, பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் போகிறார்கள் வருகிறார்கள். வீட்டிலிருந்து அவளோடு வந்து, அவளைவிட்டுப் போகாமல் இருப்பவை அந்த இரண்டும்தான்.

லண்டனில் மருத்துவர்கள் கூடிய அவையில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது பலர் கோபப்பட்டார்கள். இது மருத்துவமனைகளை அவமதிக்கிறது, வேண்டுமென்றே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் படம் தன் வேலையைச் செய்தது. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, குழந்தைகள் வார்டில் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும், சிறு பிள்ளைகளோடு தாய் தங்கவும் வசதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கட்டிலருகே நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாரே, அந்த நாற்காலிக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

நான் குழந்தைகள் வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா தங்கலாம் என்று விதி இருந்தாலும் எல்லா அம்மாவாலும் தங்க முடிவதில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். தொழிற்சாலையில் ஷிப்டு இருக்கும். ஒருநாள் போகாவிட்டால் சம்பளம் போய்விடும். அப்படிப்பட்ட அம்மாக்கள் கிளம்பும்போது தலைமாட்டில் தாங்கள் உடுத்திய பழைய கைலியை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிள்ளை அதன் ஒரு முனையை மூக்கருகே வைத்துக்கொண்டு தூங்கும். கட்டில் விரிப்போடு சேர்த்து அதையும் துவைக்க எடுத்தால் வார்டே அதிரும்படி ஓர் அழுகை வரும். ஊசிக்குக்கூட அப்படி அழாத பிள்ளை.

டொனால்டு வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951இல் ஓர் உரை நிகழ்த்தினார். 1953இல் அது கட்டுரையாக வெளிவந்தது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியூருக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளோடு பழகியவர் அவர். ஒரு குழந்தை பற்றிக்கொள்ளும் துணியோ பொம்மையோ அதன் முதல் உடைமை என்றார். அது குழந்தையின் உடம்பும் இல்லை, அம்மாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், அம்மா அறையைவிட்டுப் போனாலும் திரும்பி வருவாள் என்று நம்பப் பழகுகிற இடத்தில் அது இருக்கிறது. அது அழுக்காகி நாறினாலும் தாய்மார் துவைக்காமல் விட்டுவிடுகிறார்கள், துவைத்தால் ஏதோ அறுந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றும் எழுதினார். கைலியை வைத்துவிட்டுப் போன நம் அம்மாக்களும் அவர் எழுதியதைப் படித்தவர்கள் இல்லை.

ஹாரி ஹார்லோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 1958இல் வெளியிட்டார். பால் தருகிற கம்பித் தாய், பால் தராத துணித் தாய் என்று இரண்டு பொம்மைகள். குட்டிகள் பசிக்கு மட்டும் கம்பியிடம் போய்விட்டு மீதி நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த கொடுமையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.

அதே அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பத்திரிகையில் புற்றுநோய்ச் சிறுமி ஒருத்தியைப் பற்றிக் கட்டுரை வந்தது. கீமோ சிகிச்சை முழுவதையும் தன் சின்னப் போர்வையின் துணையோடுதான் தாங்கிக்கொண்டதாக அந்தக் குழந்தை சொல்லியிருந்தாள். அதைப் படித்த கேரன் லூக்ஸ் என்ற பெண், டென்வரில் இருந்த குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குக் கையால் போர்வை செய்து கொடுக்கத் தொடங்கினார். சார்லஸ் ஷூல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ சித்திரத் தொடரில் எந்நேரமும் போர்வையைப் பிடித்துக்கொண்டு திரியும் லைனஸ் என்ற பையனின் பெயரை அந்த முயற்சிக்கு வைத்தார்கள். இன்று ‘புராஜெக்ட் லைனஸ்’ அமெரிக்கா முழுவதும் கிளை விட்டிருக்கிறது. பல இலட்சம் போர்வைகள் குழந்தைகளின் கைக்குப் போயிருக்கின்றன. நோயாளிப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல், விபத்தில் சிக்கியவர்கள், வீட்டில் கொடுமை அனுபவித்தவர்கள், வீட்டையே இழந்தவர்கள் எல்லோருக்கும்.

வீட்டையே இழந்த பிள்ளைகள் என்றதும் நான் நம் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

ஆதரவற்றுப் போன பிள்ளைகளைத் தாங்குவது நம் சமூகத்துக்குப் புதிதில்லை. ஜப்பான் காலத்தில் தோட்டத்து லயங்களில் துணிக்குப் பஞ்சம் வந்து சாக்கை வெட்டி உடுத்திக்கொண்டதைத் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சயாம் மரண ரயில் தண்டவாளம் போட ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களின் பிள்ளைகள் தோட்டந்தோட்டமாகத் தனித்து நின்றார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949இல், சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். பூச்சோங் சாலையில் அதன் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் எழுந்தது. அன்னை மங்களம் தம் வாழ்நாளையே அங்கே கொடுத்தார். இப்படிப் பெரியவர்கள் போட்ட வழியில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நாம் காணும் எத்தனையோ அன்பு இல்லங்கள் நடக்கின்றன.

இன்றைய பிள்ளை வேறு காரணங்களால் இல்லத்துக்கு வருகிறது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், கொடுமைக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைகளைக் கவனிக்க 1985இலேயே தனிக் குழு ஒன்று அமைந்தது. 1990இல் இரண்டு வயதைத் தாண்டிய ஒரு சிறுவன், நம் சமூகத்துப் பிள்ளை, கொடுமைக்கு ஆளாகி இந்த நகரத்தில் இறந்தான். நாடே கொதித்தது. அதற்கடுத்த ஆண்டு குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1995இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2001இல் பழைய மூன்று சட்டங்களுக்குப் பதிலாகக் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒரு குழந்தைக்கு வீட்டில் ஆபத்து என்றால் சமூகநல இலாகா அதிகாரி அதை அங்கிருந்து அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்தில் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். உயிரைக் காப்பாற்றுகிற சட்டம்.

அப்படி அழைத்துச் செல்லப்படும் இரவை அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தெரியாத மனிதர்கள் வருகிறார்கள். உடுத்தியிருக்கும் உடையோடு ஒரு காரில் ஏறுகிறது. ஆஸ்பத்திரி, போலீஸ், நீதிமன்றம், பிறகு ஓர் இல்லம். அடித்தவர் அப்பாவாகவே இருந்தாலும் அது அப்பாவைத் தேடும். இல்லத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள், சோறு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் எல்லாம் எல்லோருக்கும். துணி மொத்தமாகத் துவைத்து மொத்தமாக மடித்து வரும். நேற்று நான் போட்ட சட்டையை இன்று இன்னொருவன் போட்டிருப்பான். அது இல்லத்தாரின் குற்றமில்லை, முப்பது நாற்பது பிள்ளைகளை வேறு எப்படி வளர்ப்பது? ஆனால் அந்தப் பிள்ளைக்கு, இது என்னுடையது, யாரும் எடுக்க மாட்டார்கள் என்று காட்ட உலகத்தில் ஒரு பொருள்கூட இல்லை. நாம் பின்னுகிற போர்வை அங்கேதான் போக வேண்டும். அந்தப் பிள்ளை வேறோர் இல்லத்துக்கு மாறினாலும், நாளைக்கு வீட்டுக்கே திரும்பினாலும், தத்துப் போனாலும் போர்வை அதோடு போக வேண்டும். கிழிந்து கந்தலானாலும் வைத்திருப்பதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். இல்லத்தின் சரக்குப் பதிவேட்டில் அந்தப் போர்வை ஏறவே கூடாது. நிர்வாகிகளிடம் இதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது பள்ளி மண்டபங்களில் படுத்திருந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வெள்ளம் வீட்டை விட்டுவைத்தாலும் தலையணையையும் பொம்மையையும் விட்டுவைப்பதில்லை.

இனி, எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி. இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு, பொறுத்துக் கேளுங்கள்.

தீபாவளி நெருங்கினால் இல்லங்களுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறோம். பேனர் வரும். அட்டையில் செய்த பெரிய மாதிரிக் காசோலை வரும். பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவார்கள். ஒவ்வொருவராக வந்து இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் அந்தப் படம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கும். குழந்தைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அந்தச் சட்டத்தின் பராமரிப்பில் இருக்கிற குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ படத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். தன்னை அடித்த வீட்டிலிருந்து ஒளிந்து வந்த பிள்ளையின் முகத்தை, எந்த இல்லத்தில் இருக்கிறது என்ற பேனரோடு சேர்த்து, ஊருக்குக் காட்டுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஆகவே நம் குழுவில் படம் வேண்டாம். போர்வையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆசை தீர எடுங்கள், நீங்கள் உழைத்தது அது. பிள்ளையோடு வேண்டாம். நாமே நேரில் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். மேசைமேல் பத்துப் பதினைந்து போர்வைகளை விரித்து வைத்துவிட்டு, இல்லத்து அக்காவோ வார்டுத் தாதியோ பிள்ளையை அழைத்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கோ என்று சொல்லட்டும். தொட்டுப் பார்க்கட்டும், ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கட்டும். தன் வாழ்க்கையில் எதையுமே தானாக முடிவு செய்ய இடமில்லாமல் போன பிள்ளை அது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதாவது அதன் கையில் இருக்கட்டும். நீங்கள் மூன்று மாதம் உழைத்துப் பின்னிய ரோஜா வேலைப்பாட்டை அது ஒதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா அவசரமாக முடித்த நீலக் கோட்டுப் போர்வையை எடுக்கலாம். வருத்தமாகத்தான் இருக்கும். தாங்கிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, பெர்ஹாலா சாலையை நினைத்துப் பாருங்கள் என்று சொல்வேன். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பைச் சேர்ந்த அன்னலட்சுமி உணவகத்தை சுவாமி சாந்தானந்த சரஸ்வதி எந்த எண்ணத்தில் தொடங்கினார்? வேண்டிய அளவு சாப்பிடுங்கள், மனத்துக்குத் தோன்றியதைக் கொடுங்கள். கொடுத்தவர் எவர், குறைவாகக் கொடுத்தவர் எவர் என்று யாரும் பார்க்கக் கூடாது என்பதே அந்த எண்ணம். இந்தியாவில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பும் பழைய துணியை வைத்துக்கொண்டு இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. வாங்குகிறவரின் மானத்தை முதலில் பார் என்பது அவர் வாதம். அவருக்கு 2015இல் மகசேசே விருது கொடுத்தார்கள்.

பின்னுவதற்கு வருகிறேன். தாதியாக இருந்தவள் என்பதால் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு வயது நிறையாத குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை இருக்கவே கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் அதை விலக்கக் கைக்குழந்தைக்குத் தெரியாது. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் ஆபத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் முதலாக எல்லோரும் இதையே வற்புறுத்துகிறார்கள். கைக்குழந்தைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், தாய் மடியில் விரித்துக்கொள்ளும் துணியாகச் செய்யுங்கள். தாய் விழித்திருக்கும்போது பயன்படுவதாக இருக்கட்டும். குறைப்பிரசவப் பிரிவுக்குச் செய்வதானால் அங்கே இருக்கிற தாதியைக் கேட்காமல் ஒரு கண்ணிகூடப் போடாதீர்கள்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். நம் வெயிலுக்கு அதுதான் வியர்வையை இழுக்கும். அக்ரிலிக் மலிவு, நிறமும் போகாது, அடிக்கடி துவைக்கவும் தாங்கும், ஆகவே அதையும் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தன் உருவத்தை இழந்துவிடும் என்று எழுதி அனுப்புங்கள். அசல் ஆட்டுக் கம்பளி வேண்டாம். சிலருக்கு அரிக்கும், ஆஸ்பத்திரிச் சலவையின் கொதிநீரில் சுருங்கி அட்டையாகிவிடும். ரோமம் உதிர்கிற நூலும் வேண்டாம், இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு ஆகாது.

பெரிய ஓட்டை விழுகிற பூவேலை பார்க்க அழகு. சிறு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். விரலைச் சுற்றி நூல் இறுகி இரத்த ஓட்டம் நின்றுபோன குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவதுண்டு. ஆகவே நெருக்கமாகப் பின்னுங்கள். நூல் முனைகளை வெறுமனே வெட்டிவிடாமல் ஊசியில் கோத்து உள்ளுக்குள்ளே முன்னும் பின்னுமாக ஓட்டி மறையுங்கள். பட்டன், மணி, ஜிகினா, குஞ்சம் எதுவும் வேண்டாம். தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: பத்து சென்டிமீட்டர் சதுரம் நூறு சேர்த்தால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் போர்வை. ஒருவர் நூறும் பின்ன வேண்டியதில்லை. ஐந்து பேர் ஆளுக்கு இருபது பின்னலாம். ஆனால் ஒரே தடிமன் நூல், ஒரே எண் ஊசி. இல்லாவிட்டால் இணைக்கும்போது சதுரங்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

முடித்ததும் மணமில்லாத சோப்பில் துவையுங்கள். கீமோ எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு வாசனைத் திரவியம் குமட்டும், நோய் எதிர்ப்பும் குறைந்திருக்கும். அந்தப் பிரிவுக்குப் போகிறவை புது நூலில் செய்ததாக இருக்கட்டும். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் நூலை மூடிய பெட்டியில் வையுங்கள்.

குரோஷே வராது, தையல் வரும் என்கிறவர்கள் பழைய பருத்திச் சேலையை இரண்டு மூன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போடுங்கள். வங்காளத்தில் காந்தா என்றும் பீகாரில் சுஜனி என்றும் பிறந்த குழந்தைக்கு இப்படித்தான் செய்கிறார்கள். நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்தால் புதுத் துணி எடுப்பதற்கு முன்னால் தாத்தாவின் நைந்த வேட்டியைத்தானே தேடினோம்! பலமுறை துவைத்த பருத்தியைப் போல மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜரிகை மட்டும் வேண்டாம், உரசும்.

மனஇறுக்கம், அதாவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எடை வைத்துத் தைத்த போர்வையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2014இல் பிரிட்டனில் முறையாக ஆராய்ந்து பார்த்தார்கள். அந்தப் போர்வையால் பிள்ளைகள் கூடுதல் நேரம் தூங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினார்கள். இந்த முடிவை நான் மதிக்கிறேன். தூக்கத்துக்கு மருந்து என்று சொல்லி யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். எடைப் போர்வையைச் சிறு பிள்ளையால் தானாக விலக்க முடியாது என்பதால், சிகிச்சையாளர் சொல்லாமல் நாம் அதைத் தைக்கப் போவதில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கென்றே ஒரு வேண்டுகோள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அது இங்கே இருப்பதால் இந்தத் தெருக்களில் பார்வையற்ற அண்ணன்மார் அக்காமார் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். அவர்களையும் இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டும். குரோஷேயில் கண்ணிகளை விரல்தான் எண்ணுகிறது. அனுபவமுள்ள கைக்கு ஊசியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்வையற்ற குழந்தைக்குப் போர்வை செய்யும்போது நிறத்தைவிட்டுத் தொடுகையை யோசிக்க வேண்டும். ஒரு சதுரம் மேடுபள்ளமாக, ஒரு சதுரம் வழுவழுப்பாக, ஓரம் தடித்த வரப்பாக. எது பிடிக்கும், எது எரிச்சல் தரும் என்று அவர்களைக் கேட்டால் நமக்குச் சரியாகச் சொல்வார்கள்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களுக்கு என்ன செய்வது, அவர்கள் போர்வை வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கிறார்.

வாங்கிக்கொள்வார்கள், அம்மா. ஆனால் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கரடி, முயல் போட்ட போர்வையைத் தொடக்கூட மாட்டார்கள். அவர்களுக்கு நீளம் இரண்டு மீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் கால் வெளியே நிற்கும். கருநீலம், சாம்பல், காற்பந்துக் குழுவின் நிறம் என்று முதலிலேயே கேட்டுச் செய்யுங்கள். மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நன்றி எதிர்பார்க்காதீர்கள்.

இன்னும் ஒன்று செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா மறைந்த 2013 டிசம்பரில், அவருடைய உதவியாளராக இருந்த செல்டா லா கிரேஞ்ச், மண்டேலா நாளுக்காக 67 போர்வை செய்யுங்களேன் என்று கேரலின் ஸ்டெய்ன் என்ற பெண்ணிடம் சொன்னார். மண்டேலாவின் பொதுவாழ்வு 67 ஆண்டு. தனியாகப் பின்ன முடியாது என்று தெரிந்ததும் ஸ்டெய்ன் நண்பர்களைக் கூப்பிட்டார். அது நாடு முழுதும் பரவி, கடைசியில் சிறைக்குள்ளும் போனது. தண்டனை அனுபவிக்கும் ஆண்கள் ஊசியைக் கையில் எடுத்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் போர்வை பின்னினார்கள். பெரிய பையன்களுக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன். போர்வையோடு ஓர் ஊசியும் இரண்டு உருண்டை நூலும் கொண்டுபோங்கள். விருப்பமுள்ளவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். இல்லத்துக்கு அடுத்து வருகிற சின்னப் பிள்ளைக்கு அவன் பின்னட்டும். அவனுடைய முதல் சதுரம் கோணலாகத்தான் வரும். பிரிக்காமல் அப்படியே போர்வையில் சேர்த்துவிடுங்கள்.

நூல் வாங்குவதற்கான கணக்கு, யார் யாருக்கு எந்த நிறம், எந்த இல்லத்தோடு முதலில் பேசுவது, இவற்றையெல்லாம் தேநீருக்குப் பிறகு பேசி முடிவு செய்வோம். ஊசி கொண்டுவராதவர்களுக்காக வாசலருகே மேசையில் நான்காம் எண் ஊசிகள் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்ளுங்கள்.